எட்டு வந்த பைக்கும் வெள்ளிக்கிழமை அட்வான்ஸும்

இன்று பொழுதுபடும் நேரம் நாவற்குடாவில் எங்கள் வீட்டுப் படலையில் ஒரு தம்பி வந்து நின்றார். போன கிழமை என் பழைய பைக்கைப் பார்த்துப் பிடித்துப்போய், பத்தாயிரம் ரூபா அட்வான்ஸ் தந்துவிட்டுப் போன செங்கலடித் தம்பி.

"அண்ணன், குறை நினைக்காதீங்க. நம்பரக் கூட்டிப் பார்த்தா எட்டு வருது. மனிசி அதில ஏறமாட்டன் எண்டு நிக்கிறா. அட்வான்ஸத் திருப்பித் தாங்களன்."

எனக்கு எரிச்சல்தான். இவரை நம்பி வேறு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். ஆனாலும் பைக்கையும் வைத்துக்கொண்டு காசையும் வைத்திருப்பது சரியில்லை. காசை எடுத்து வர உள்ளே போனேன்.

அப்போதுதான் சாமி விளக்கைக் கொளுத்திய என் மனைவி, அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை விளக்கு வச்சாப் பிறகு காசு வெளிய போகப்படாது. நாளைக்கு வரச் சொல்லுங்க."

தம்பிக்கு அது நன்றாகவே விளங்கியது. எட்டுக்குப் பயந்தவர் வெள்ளிக்குப் பயப்படாமல் இருப்பாரா? ஆனால் விடிந்ததும் இன்னொரு பைக்குக்கு அட்வான்ஸ் கொடுக்க அந்தக் காசு வேண்டுமாம்.

"அப்ப போன்ல போட்டுவிடுங்களன், அண்ணன்."

மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும் வீட்டுக்குள்ள இருந்துதானே போகுது. ரோட்டில நிண்டு போடுங்க."

இருவரும் ரோட்டுக்குப் போனோம். லைட் போஸ்டுக்குக் கீழே நின்று காசை அனுப்பினேன்.

அந்த அட்வான்ஸ் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகுதான். அன்றைக்கு யாரும் நாள் பார்க்கவில்லை.

பைக் இன்னும் நிற்கிறது. எட்டுக்குப் பயமில்லாதவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். அட்வான்ஸ் எந்த நாளும் வாங்குவோம். திருப்பிக் கேட்பதென்றால் மட்டும் வெள்ளிக்கிழமை வராதீர்கள்.