ஸ்டார்ட்டிங் கால் பவுன்

"ஸ்டார்ட்டிங் எத்தனைங்க, கண்ணு?" என்று கேட்டுவிட்டு, சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருக்கிறார் வெங்கடலட்சுமி. எதிரே சூட்கேசும் பாயுமாக நிற்கிற பெண், "ஆயிரத்து ஐநூறுங்க" என்கிறாள்.

"அது கையெழுத்துப் போடறதுங்களா, கைக்கு வாரதுங்களா?"

பெண் குனிந்துகொள்கிறாள். "கைக்குத் தொள்ளாயிரம்."

"அப்படிச் சொல்லு, அம்மணி. கால் பவுனு. வாடகையும் அதுக்குத் தக்கனதான். மேல ரெண்டாவது ரூமு." சாவி கை மாறுகிறது.

பீளமேட்டில் அவர் வீட்டு மாடியில் ஆறு அறைகள். ஆறிலும் பள்ளிக்கூட டீச்சர்கள்தான். அதிலும் ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுக்கிறவர்களுக்கே முதல் மரியாதை. சாப்பாடும் அவரே போடுகிறார். பாங்கில் உத்தியோகம் பார்க்கிற பெண் ஒருத்தி இரட்டை வாடகை தருவதாக வந்தபோது, "உங்களுக்குச் சம்பளம் பத்துமுங்க. இது பத்தாதவங்க இருக்கற எடம்" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ரூபாயில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எந்தச் சம்பளத்தையும் பவுனில்தான் நிறுத்துப் பார்ப்பார். "பணத்துக்கு ஊருக்கு ஒரு பேரு, ஊருக்கு ஒரு வெலைங்க. பவுனு எங்க போனாலும் எட்டுக் கிராமுதானுங்களே?" காலையில் பேப்பர் வந்ததும் தங்க விலையைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். பவுன் மூவாயிரத்து அறுநூறு விற்கிற இந்தத் தொண்ணூற்றைந்தாம் வருஷத்தில், சர்க்கார் பள்ளிக்கூடம் என்றால் ஆரம்பத்திலேயே பவுனுக்குக் கொஞ்சம்தான் குறையும் என்பது அவர் மதிப்பு. தனியார் பள்ளி என்றால் உதட்டைப் பிதுக்குவார்.

நம் ஊரோடு விடுவாரா? உலகத்து வாத்தியார்கள் எல்லோருடைய ஸ்டார்ட்டிங்கும் அவருக்கு வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அட்லஸ் தெரியாது, சொந்தபந்தம் தெரியும். எத்தியோப்பியா என்றால் பெரியப்பா பேத்தியின் வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார், ஒண்ணேமுக்கால் பவுன். மாலத்தீவு என்றால் சூலூர்ச் சின்னம்மா மகனுடைய சகலை, இரண்டரை. குவைத் என்றால் முன்பு மூன்றாம் அறையில் இருந்த சாஜிதா பேகத்தின் அண்ணன் சுஃப்யான், ஏழு. விவரம் சொல்ல ஆளில்லாத தேசத்தை அவர் தேசமாகவே சேர்ப்பதில்லை. "ஜப்பான்ல நம்ம பக்கத்துப் புள்ளைக யாரும் வாக்கப்படலீங்க. அதனால தெரியறதில்லை" என்பார்.

போன தை மாதம் இந்தக் கணக்கு அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

அவருடைய தம்பி இறந்தபோது தம்பி மகள் ஷ்ரவ்யாவுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து அத்தை வீடுதான். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, பாலகோபாலின் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். பாலகோபால், வெங்கடலட்சுமிக்குக் கணவர் வழியில் ஒன்றுவிட்ட கொழுந்தன். பருத்திக் கமிஷனில் ஆரம்பித்து, மில் வைத்து, பிறகு பள்ளிக்கூடமும் கட்டியவர். அவருடைய அப்பா, அவர்களுக்குத் தூரத்துச் சொந்தமான எங்கள் வீட்டில், என் அத்தை கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் தமக்கு இரண்டாவதாக வந்தது என்று பந்தியிலிருந்து எழுந்து போனவர். அந்தக் குடும்பத்துக்குக் கௌரவம் எப்போதுமே கொஞ்சம் தூக்கலாக வேண்டும். பாலகோபாலின் மகன் உதய் ஷ்ரவ்யாவுக்கு முறை மாப்பிள்ளை. இரண்டு பேருக்கும் மனசும் ஒத்துப்போயிருந்தது. பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். பாலகோபால், அவர் சம்சாரம், மைத்துனர், மாப்பிள்ளை என்று நாலு பேர். ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

காப்பி வந்தது. யாரும் தொடவில்லை. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம்.

"நாங்களா எதுவும் கேக்கறதில்லீங்க, அண்ணி" என்றார் பாலகோபால். "ஊரு பாக்குமில்லீங்களா. ஒரு அம்பது பவுனு போட்டீங்கன்னாக் கௌரவமா இருக்கும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வெங்கடலட்சுமியிடம் ஐந்து பவுன்கூடச் சேர்ந்தாற்போல் இல்லை என்பது வந்திருந்த ஐந்து பேருக்கும் தெரியும். ஷ்ரவ்யா கதவோரம் வந்து அத்தையின் காதில் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், கூடத்துக்கே கேட்டது. "முடியாதுன்னு சொல்லிப்போடுங்க, அத்தை. மாலத்தீவுக்கு அப்ளிகேசன் எழுதி வெச்சிருக்கறேன். நான் போயிக்கறேன்."

உதய்க்கு முகம் செத்துவிட்டது. வெங்கடலட்சுமி மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"அம்பது என்னுங்க தம்பி, பெரிய விசயம்? புள்ளையே சம்பாரிச்சுப் போட்டுக்குவா. உங்க பள்ளிக்கூடத்துல ஸ்டார்ட்டிங் கால் பவுனு. ஒரு வாய் சோறு திங்காமச் சேத்துனா இருநூறு மாசம். பதினாறு வருசம் எட்டு மாசம். மாப்பிள்ளை பொறுத்துக்குவாருங்களா?"

பாலகோபால் சிரித்து மழுப்பினார். "அண்ணிக்கு எப்பவும் வெளையாட்டுத்தானுங்க."

"வெளையாட்டு இல்லீங்க. அவசரம்னா வேற தேசம் பாக்கலாம். எத்தியோப்பியான்னா ரெண்டு வருசம் அஞ்சு மாசம். மாலத்தீவுன்னா இருவது மாசம். குவைத்துன்னா ஏழு மாசம், மேல ஒரு நாலு நாளு. இங்கிலாந்துல எங்க அக்கா மவன் புதுசா வாத்தியாராச் சேந்திருக்கறானுங்க. ஸ்டார்ட்டிங்கே மாசம் ஆயிரம் பவுனு! அங்கன்னா ஒண்ணரை நாள் பாடம் எடுத்தாப் போதும், அம்பது வந்துருமுங்க."

பள்ளிக்கூடம் நடத்துகிற மனிதர் அல்லவா? தப்பைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை. "அய்யோ அண்ணி, அது பவுனு இல்லீங்க, பவுண்டு! அவிக ஊருப் பணம். நம்ம காசுக்கு ஒரு பவுண்டு அம்பது ரூவாதான் ஆகும்."

"அப்புடீங்களா? பவுனுன்னாப் பவுண்டுன்னு அர்த்தமுங்களா?" வெங்கடலட்சுமியின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "அப்ப நீங்க கேட்டதும் அதுதானுங்களே. அம்பது பவுண்டு. ரெண்டாயிரத்து ஐநூறு ரூவா. தட்டத்தைக் கொண்டா, அம்மணி, இப்பவே வெச்சுப்போடலாம்."

பாலகோபாலின் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மைத்துனர் இருமுவதுபோல் வெளியே போனார். பாலகோபாலுக்குக் காது சிவந்தது. எழுந்து விடுவாரோ, அப்பாவைப் போலக் கிளம்பி விடுவாரோ என்று நான் வாசலைப் பார்த்தேன். கல்யாணம் ஒரு நூலில் தொங்கியது.

அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத உதய் கேட்டான்: "பெரியம்மா, மாலத்தீவுல எம்.காம். படிச்சவனுக்கு ஸ்டார்ட்டிங் எத்தனைங்க?"

பாலகோபால் மகனைப் பார்த்தார். மகன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சம்சாரத்தைப் பார்த்தார். அவர், "ஒத்தைப் பையனுங்க" என்று மட்டும் சொன்னார்.

"சரீங்க, அண்ணி" என்றார் பாலகோபால். "பவுனு பேச்சே வேண்டாம். புள்ளையக் குடுங்க, போதும்."

கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. ஷ்ரவ்யா உள்ளே ஓடிவிட்டாள்.

"அது செரி" என்றார் வெங்கடலட்சுமி. "உங்க பள்ளிக்கூடத்து டீச்சருப் புள்ளைக மூணு பேரு எங்க மாடியில இருக்குதுக. இவ மருமவளாயிட்டா. அதுகளுக்குச் சம்பளம்?"

"பாப்பமுங்க, அண்ணி. ஸ்டார்ட்டிங் கொஞ்சமாத்தான் இருக்கும். நிலைச்சு இருந்தாப் போகப் போக ஏத்திக் குடுக்கறதுதானுங்களே" என்று சொல்லிக்கொண்டே அவசரமாகக் கை கழுவப் போனார் பாலகோபால்.

இலை போட்டார்கள். வெங்கடலட்சுமி சோற்றுப் போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்குக் குவித்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் மாமாவுக்கும் குவித்தார். எனக்குப் போதும் போதும் என்றாலும் விடவில்லை. பாலகோபாலின் தலைவாழை இலைக்கு வந்ததும் அகப்பையைப் போசிக்குள் விட்டுவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை போடுகிற சின்னக் கரண்டியைக் கையில் எடுத்தார். ஒரே ஒரு கரண்டி சோற்றை இலையின் நட்டநடுவில் வைத்தார். வைத்துவிட்டு, அடுத்த இலைக்கு நகராமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.