கலாவின் பிக்கப் ஏறிய ஸ்ட்ரெதம் மேடு

எங்கள் பழைய டீசல் பிக்கப்புக்கு என் மனைவி கலா போன மாதம் பெரிய டர்போ போட்டாள். இழுவை கூடியதும் பழைய கிளட்ச் தாங்காமல் நழுவியது. கியர்பாக்ஸை இறக்கி, பழையதைவிட உறுதியான கிளட்ச்சையும் அவளே மாட்டினாள்.

இன்று காலை ஸ்ட்ரெதம் ஏற்றத்தில், கல்யாணச் சாப்பாட்டோடு ஒரு வான் பழுதாகி நின்றது. கலா பிக்கப்பை அதன் முன்னால் நிறுத்தி, இறங்கிக் கயிற்றை எடுத்தாள். வான்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தம்பி, இது இழுக்குமோ? கிளட்ச் எரிஞ்சு போகுமெல்லோ?"

"இழுக்கும் அண்ணை. நீங்கள் பிரேக்கை விடுங்கோ," என்றாள் கலா.

கயிற்றால் வானைக் கட்டி, முதல் கியரில் மெதுவாக எடுத்தாள். நழுவலும் இல்லை, எரிந்த நாற்றமும் இல்லை. கல்யாண மண்டப வாசல்வரை வான் பின்னாலேயே வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வான்காரர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். "ஆரிட்டைக் குடுத்துச் செய்தனீர் தம்பி?"

"இவதான் செய்தவ அண்ணை. நான் டோர்ச் பிடிச்சனான்."

அவர் கலாவிடம் திரும்பினார். "பிள்ளை, என்ரை வானையும் ஒருக்கால் பாப்பீரோ?"

"பாக்கிறன் அண்ணை. முதல்ல சாப்பாட்டை இறக்குங்கோ."

அழைப்பில்லாத கல்யாணத்தில் எங்களையும் உட்காரவைத்தார்கள். கலாவுக்கு மூன்று வடை, எனக்கு ஒன்று.

டோர்ச் பிடித்தவனுக்கு இவ்வளவுதானா? நீங்களே சொல்லுங்கள்.