இடப்பக்கம் சாய்ந்த கூடை

ஈரச் சாக்கின் நாற்றமும் புளித்த பால்மாவின் நாற்றமும் கலந்து வீசும் "புள்ளக்காம்பரா" வாசற்படியில் உட்கார்ந்தால் எதிர் மலை முழுவதும் தெரியும். மடுல்கெல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அறை அது. மலையில் ஐம்பது பெண்கள் நிரை பிடித்து நிற்பார்கள். எல்லாருக்கும் தலையில் துண்டு, இடுப்பில் "படங்கு" என்கிற சாக்கு, முதுகில், தலையிலிருந்து கயிற்றில் தொங்கும் கூடை. அந்தத் தூரத்தில் முகம் என்று ஒன்றே கிடையாது. ஆனாலும் பேச்சு வராத பிள்ளைகூடத் தன் தாய் நிற்கும் இடத்தை விரல் நீட்டிக் காட்டிவிடும். எப்படி என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. என் அம்மாவைக் காட்டிக்கொடுத்தது கூடைதான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது: கயிற்றை ஒரு பக்கம் குட்டையாகக் கட்டியிருந்ததால் அது எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு றாத்தல் மாவுக்கு வரிசையில் நின்ற பஞ்ச வருடத்தில், அம்மாவுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அப்பா ஐந்தாம் நாள் தனியாக வந்தார். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டிருந்தார். "தம்பிக்கிட்ட சொல்லாத. கேட்டா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லு" என்றார். மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவன் ரொட்டியை வாயில் வைத்தாலே துப்பினான். "இப்படியே போனா இவனும் தாய் பின்னால போயிருவான்" என்று புள்ளக்காம்பரா ஆயா என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

பத்தாம் நாள் அவன் எழுந்து நின்று, "அக்கா, அந்தா அம்மா!" என்று கத்தினான். பார்த்தேன். அம்மாதான். செத்துப்போனது எனக்குத் தெரியும். தெரிந்தும், யோசிப்பதற்கு முன்பே என் கண் கண்டுபிடித்துவிட்டது. தம்பி அன்று முழு ரொட்டி தின்றான்.

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். அந்தக் கூடையை இறக்கியவள் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா. தன் கூடை அடி விட்டுப்போனதால் அப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். கயிற்றை அவிழ்த்துச் சமமாகக் கட்டப் போனாள்.

"மாத்தாதீங்கக்கா."

"ஏன்டி? கழுத்த இழுக்குது. ஒங்கம்மா எப்படித்தான் தூக்குனாளோ."

விஷயத்தைச் சொன்னேன். பிடித்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் அந்தக் கோணல் கூடையோடு மலை ஏறினாள். "என்னா முனியம்மா, கோணிக்கிட்டுப் போற, காலையிலேயே போட்டுட்டியா?" என்று கங்காணி கேலி பண்ணுவார். "ஆமா, ஒங்க வீட்டுலதான் ஊத்திக் குடுத்தாங்க" என்பாள். அவள் கழுத்துக்கு நான் தைலம் தேய்த்துவிடுவேன். தம்பி தேறினான். ராத்திரியில் அம்மா எங்கே என்று கேட்டால், தூங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க என்பேன். ஆனால் அது முனியம்மாக்கா என்று தெரிந்துகொண்டே, காலையில் அவனுக்கு முன்பாக நான் மலையில் அம்மாவைத் தேடினேன்.

ஒருநாள் நிரை கீழிறங்கிப் புள்ளக்காம்பராவுக்குப் பக்கத்தில் வந்தது. என் கையை உதறிக்கொண்டு ஓடிய தம்பி படங்கைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பினாள். தினமும் தன்னைக் குளிப்பாட்டுகிறவளின் முகத்தை அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்டான். அவள் கூடையோடு உட்கார்ந்து அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவன் எதிர் மலையைப் பார்க்கவில்லை. சாப்பாட்டை மட்டும் விடவில்லை.

அக்குறணையில் வீட்டுவேலை, கண்டியில் புடவைக்கடை, பிறகு குவைத் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுப் போன மாதம் தோட்டத்துக்குப் போனேன். புள்ளக்காம்பரா இடிந்து கிடக்கிறது. எதிர் மலையில் மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. முனியம்மாக்காவும் இல்லை. அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. முகத்தை நினைக்கப் பார்த்தால் குனிந்த ஒரு முதுகுதான் வருகிறது. அது அம்மாவுடையதா, முனியம்மாக்காவுடையதா என்று என்னால் சொல்ல முடிவதில்லை.