தொட்டிக்குள் பூசியவள்

கையிலிருந்த துடைப்பத்தைக் கதவில் சாத்திவிட்டு, கணவனின் பையிலிருந்து பூச்சுக் கரண்டியை உருவிக்கொண்டு அவள் சுவரிடம் போனாள். கொழுந்தன் கலக்கி வைத்திருந்த வெள்ளைச் சாந்தில் ஒரு கரண்டி அள்ளினாள். தரைக்கு ஒரு சாண் மேலே வைத்து அழுத்தி, மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

கணவன், அவன் தம்பி, மேற்பார்வையாளன், மூவரும் நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளன், அவர்கள் பிழைக்க வந்திருந்த அந்த நாட்டுக்காரன். எந்த நிலைப்படியிலும் குனிந்துதான் நுழைவான். அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் அவனை நெட்டை என்றார்கள். பூச்சுக்காரன் ஒருவன் வேலையை விட்டுப் போய்விட்டான், வேறு யாராவது தெரியுமா என்று நெட்டை கேட்டிருந்தான். யாரும் இல்லை என்று கணவன் சொன்னான். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் ஒரு பூச்சுக்காரன் வராததைப் பார்த்திருந்தாள், கணவன் தலையாட்டிய விதமும் தெரியும்.

“ஏய், அதைக் கீழ வை. பெருக்க வந்தவ பெருக்கிட்டுப் போ.”

“ஆள் வேணும்னுதானே கேக்கறாரு? நான் ஆள்தானே? சொல்லுங்க அவர்கிட்ட.”

அவன் சொல்லவில்லை. கொழுந்தன்தான் சொன்னான், அண்ணனின் முகத்தைப் பார்க்காமல், வாளியைப் பார்த்துக்கொண்டு.

நெட்டை அவளை மேலும் கீழும் பார்த்தான். ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்றைக் காட்டினான். அதில் ஒரு சுவர் பூச வேண்டும். நன்றாக வந்தால் இனி அவளுக்குப் பூச்சு வேலை. வராவிட்டால் துடைப்பம், அதற்குமேல் இந்தப் பேச்சு கிடையாது.

ஊரில் அவள் சித்தாள், அவன் கொத்தனார். கல்யாணத்துக்கு முன்பும் அவனுக்குத்தான் சாந்து சுமந்தாள், பின்பும் அவனுக்குத்தான். இடையில் தாலி ஏறியது, தலையிலிருந்து சும்மாடு இறங்கவில்லை. பெண் கரண்டி பிடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனால் மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. தொட்டியின் வாய் ஓர் ஆள் நுழையும் அளவு. கணவன் நுழைய முடியாத அளவு. மற்றக் கொத்தனார்கள் அவனைப் பீப்பாய் என்று கூப்பிட்டது சும்மா இல்லை. அதனால் அவன் தொட்டிமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொள்வான், அவள் பல்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குவாள். ஆரம்பத்தில் அவன் மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு பீடி குடித்தான். போகப்போகத் துண்டை விரித்துத் தூங்கவும் செய்தான். வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்ப்பார். கண்ணாடி மாதிரி பூசியிருக்கீங்க மேஸ்திரி என்று மேலே இருப்பவனிடம் சொல்லிவிட்டுப் போவார். தொட்டிக்குள் அது இரண்டு தடவை கேட்கும்.

அவள் பூசிய தொட்டி எதுவும் ஒழுகியதில்லை. காரணம் பூச்சு மட்டுமல்ல, தண்ணீரும்தான். பூசிய சிமெண்டைக் காயவிடக் கூடாது. நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். காய்ச்சலோடு போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த நாட்கள் உண்டு.

முதலில் அவன் இந்த நாட்டுக்கு வந்தான், பிறகு தம்பியை வரவழைத்தான், கடைசியில் அவளை. மூவருக்கும் ஒரே அறை. நடுவில் கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். அதே கட்டடத்தில் அவளுக்குப் பெருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தான். வந்த நாளிலிருந்து அவள் துடைப்பத்தோடு பூச்சுக்காரர்களின் பின்னால் நின்று பார்த்தாள். இங்கே மணல் இல்லை, சிமெண்ட் இல்லை. மாவு மாதிரி ஒரு வெள்ளைப் பொடி. கலக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் வாளியிலேயே கட்டியாகிவிடும். கரண்டி அகலம், இழுப்பு நீளம். எல்லாம் பார்த்துவிட்டாள். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பெருக்குகிறவர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள், பூச்சுக்காரர்கள் கடைசியில். அவர்கள் போகும்முன் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

சாமான் அறைச் சுவரைச் சாயங்காலத்துக்குள் முடித்தாள். நெட்டை ஆளுயர ரசமட்டத்தைக் கொண்டுவந்து நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தான். கண்ணாடிக்குள் நீர்க்குமிழி நடுவிலேயே நின்றது. காலையில் காய்ந்த பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று போய்விட்டான்.

அவள் நடைவழியிலிருந்து ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள். மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல், சுவர் குடிக்கும்வரை ஊற்றினாள். கணவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். முடிந்ததா என்று மட்டும் கேட்டான்.

காலையில் பூச்சின் கீழ்ப்பாதி தரையில் கிடந்தது. மேல்பாதி ஊறிப்போய் உப்பித் தொங்கியது. விரலை வைத்தாள். உள்ளே போனது.

“சோப்புப் போட மறந்துட்டியா?” என்றான் கணவன். கொழுந்தன் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டான். இங்கே யாரும் சுவருக்குத் தண்ணி ஊத்தறதில்ல அண்ணி, இந்தப் பொடிக்குத் தண்ணிதான் எமன் என்றான்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

“நேத்து வாசல்லதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“ஊத்தாதேன்னு ஒரு வார்த்தை?”

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

நெட்டை வந்து பார்த்தான். கதவில் சாத்தியிருந்த துடைப்பத்தைக் காட்டினான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவள் துடைப்பத்தை எடுத்தாள். தரையில் கிடந்த சாந்தை ஒரு மூலையில் கூட்டித் தள்ளினாள். துடைப்பத்தைத் திரும்பவும் கதவிலேயே சாத்திவிட்டு, கரண்டியை எடுத்துத் தொங்கியதைச் சுரண்ட ஆரம்பித்தாள். நெட்டை ஏதோ சொன்னான். அவள் நிறுத்தவில்லை.

“தம்பி, அவர்கிட்ட சொல்லு. தண்ணி ஊத்தினது என் தப்பு. பூசினதுல தப்பில்ல. நேத்து மட்டம் வெச்சுப் பாத்தாரு, அவருக்கே தெரியும். இதைச் சுரண்டிட்டுத் திரும்பப் பூசப்போறேன். வேண்டாம்னா ரெண்டு பேரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு.”

கொழுந்தன் சொன்னான். கடைசி வரியைச் சொன்னானா என்பது தெரியவில்லை. நெட்டை சுவரின் பக்கம் வந்தான். ஊரில் இவள் எங்கே பூசினாள் என்று கேட்டான்.

கொழுந்தன் அதைத் தமிழில் சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தான். ஊரில் தம்பி இந்த வேலைக்கு வந்ததே இல்லை. பதில் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான்.

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

“உங்களைத்தான் கேக்கறாரு. சொல்லுங்க. தொட்டிக்குள்ள யாரு பூசினது?”

கணவன் பையின் வாரைச் சரிசெய்தான். கரண்டியைக் கொடு, எனக்கு வேலை இருக்கு என்றான்.

“வேலை முடியட்டும், தர்றேன்.”

அவன் தம்பியிடம் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனான். நெட்டை இன்னும் பதிலுக்குக் காத்திருந்தான். அவள் இரண்டு கைகளையும் விரித்து ஒரு சதுரத்தைக் காட்டினாள், தன் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள், உள்ளே இறங்குவதுபோல் முழங்காலை மடக்கினாள். பிறகு வலது கையால் தன்னைச் சுற்றிலும் காற்றைப் பூசினாள். நெட்டை என்ன புரிந்துகொண்டானோ, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். இந்தத் தடவை துடைப்பத்தைக் காட்டவில்லை.

பகல் முழுவதும் சுரண்டினாள். செங்கல் தெரிந்ததும் கையால் தடவி, ஈரம் விட்டுப்போகும்வரை கொழுந்தன் கொண்டுவந்த சூடான காற்றடிக்கும் விசிறியை ஓடவிட்டாள். அவனுக்குக் கீழே வேலை இருந்ததால் அவளே கலந்தாள், அவளே பூசினாள். இருட்டும் நேரத்தில் நெட்டை ரசமட்டத்தோடு வந்தான். வைத்தான், எடுத்தான், வைத்தான். அறையை விட்டு வெளியே போய் நடைவழிக் குழாயை அவனே சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான். மூன்று விரல்களைக் காட்டி, கையை மேலே நீட்டினான்: நாளை மூன்றாவது தளம்.

அன்றிரவு அறையில் கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் கரண்டியைக் கழுவி, துடைத்து, அவன் பையில் வைத்தாள். போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தன், அண்ணி, தொட்டின்னா உண்மையிலயே அவ்வளவு சின்னதா என்று கேட்டான். உங்க அண்ணனைக் கேளு என்றாள்.

மறுநாள் மழை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் அவள் ஒரு கரண்டி வாங்கினாள். கைப்பிடி கொஞ்சம் பருமன். மூன்றாவது தளத்தில் அவளுக்குப் பூசப் படுக்கையறைகள் கொடுத்தார்கள். பெருக்குவதற்கு வேறொரு ஆள் வந்திருந்தார், வயதானவர், பேசியது அவள் பாஷையும் இல்லை, அந்த நாட்டுப் பாஷையும் இல்லை. மதியம் கணவன் மேலே ஏறி வந்து ரசமட்டம் எங்கே என்று கேட்டான். அது அவளிடம் இருந்தது. இந்தச் சுவர் முடிந்ததும் தருவதாகச் சொன்னாள். முடிந்ததும் கொடுத்தாள்.