செம்புக் கட்டிக்குள் ஓடிய தண்ணீர்

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் விடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அம்மா இன்றுவரை நம்பவில்லை. "கரண்டு இருக்கற எடத்துல யாராவது ஜலத்த விடுவாளோடி? உன் ஆபீஸ்ல எல்லாரும் சேந்து உன்ன ஏமாத்தறா" என்பாள். இந்த மலையாளத்து ஊரில் கிழக்கேகோட்டைத் தெருவை விட்டு அதிகம் வெளியே போகாதவளுக்குப் படம் போட்டு விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில், எனக்கு ஸ்டீல் பாட்டிலில் ஜீரகத் தண்ணீர் ஊற்றித் தரும்போது, அதையே திரும்பச் சொன்னாள். அதோடு விட்டுவிட்டேன்.

உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி ஸ்கேன் சென்டர்களுக்காகக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் செய்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே இருக்கும் சிப் அடுப்பாகச் சுடும், பெரிய மின்விசிறி வைக்க இடமில்லை. அதனால் சிப்பின் தலைமேல் ஒரு செம்புக் கட்டியை உட்கார வைத்து, அதற்குள் நூல் நூலாக வாய்க்கால் வெட்டி, அதில் ஒரு திரவத்தை ஓடவிடுவோம். திரவம் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய், ஆறி, திரும்பி வரும். இந்தச் செம்புக் கட்டிக்கு வாட்டர் பிளாக் என்று பெயர். அதை வடிவமைப்பதும் சோதிப்பதும் என் பொறுப்பு. உயரத்துக்கு இடமே கிடையாது என்பதால், ஸ்க்ரூ போடாமல் மூடியைப் பற்றவைத்தே மூடும்படி வரைந்தேன். ஒருமுறை மூடிவிட்டால் ரம்பத்தால் அறுத்தால் ஒழிய உள்ளே பார்க்க முடியாது. அதை என் கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்டித்தர ஆள் வேண்டியிருந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பலாம் என்றார் கம்பெனியை நடத்தும் சார். நான்தான் பாறசாலையில் ஒருவர் இருக்கிறார் என்று அடம்பிடித்தேன். எல்லையோரத் தமிழர், ஏறக்குறைய என் வயது. கணவனும் மனைவியுமாக, கம்ப்யூட்டர் சொன்னபடி உலோகத்தை வெட்டும் ஒரே ஒரு சி.என்.சி மெஷினை வைத்துப் பட்டறை நடத்துகிறார்கள். மனைவி மெஷினுக்கு புரோகிராம் எழுதுவார், இவர் வெட்டுவார். ஆரியசாலையில் கடை கடையாக ஏறி இறங்கி நல்ல செம்புப் பாளம் தேடி எடுத்தார். எங்கள் வேலைக்காக வேறு இரண்டு வேலைகளை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். மாதிரி பாஸானால் வருஷம் முழுக்க எங்கள் பிளாக்குகளை வெட்டும் வேலை அவருக்கு. மூன்று மாதிரியும் தேறாவிட்டால் கோயம்புத்தூருக்கு. சார் அப்படித்தான் பேசி முடித்தார்.

முதல் பிளாக்கை மாட்டி, சிப்புக்கு முழு வேலை கொடுத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அறுபத்தொரு டிகிரி. நான் போட்ட கணக்கைவிட இரண்டு குறைவு! மேஜையைத் தட்டி எழுந்தேன். மூன்றாம் நாள் அறுபத்தாறு. ஐந்தாம் நாள் எழுபத்திரண்டு. எதையும் நான் மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் திரவத்தின் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை மட்டும் நிரப்புவேன். குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற வெளியேற அளவு இறங்குவது சகஜம். திரவம் வந்த கேனின் வாய் பெரிது, அதை நிரப்பும் எங்கள் சின்னத் தொட்டியின் துவாரமோ பேனா மூடி அளவு. அதனால் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேஜையில் வைத்திருந்தேன். அந்த பாட்டில் சீக்கிரம் தீரவேயில்லை. சிக்கனமாகப் புழங்குகிறேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

தொடாத ஒன்று தானாக எப்படி மாறும்? சிப்புக்கும் செம்புக்கும் நடுவே பூசும் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். ஏ.சி.யைக் கூட்டினேன், குறைத்தேன். சென்சாரை மாற்றினேன். பம்பில் காதை வைத்துக் கேட்டேன், அது வழக்கம்போல முனகியது. திரவம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வாங்கித் தரச் சொல்லி நான் அனுப்பிய கோரிக்கை எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மழையென்பதால் ஈரப்பதத்தின் மேல் சந்தேகப்பட்டேன். மறுநாள் வெயிலடித்தது, சூடு இன்னும் ஒரு டிகிரி ஏறியது. அப்போது என் நோட்டைப் பார்த்தவர்கள் எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். குழம்பித்தான் இருந்தது.

இரண்டாவது பிளாக் வந்தது. அதே கதை. முதல் நாள் தங்கம், ஐந்தாம் நாள் எழுபத்துமூன்று. அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. புதிதில் நன்றாக இருந்து போகப்போகக் கெடுகிறது என்றால், சூட்டில் அடித்தளம் வளைகிறது. வளைகிறது என்றால் மழுங்கிய கருவியால் அழுத்தி வெட்டியிருக்கிறார்கள். பிளாக்கைக் கழற்றி, அடித்தளத்தின்மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். சாய்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நேராகப் பிடித்தால் தெரியவில்லை. தெரிந்ததைத்தான் நோட்டில் எழுதினேன்.

பட்டறைக்குப் போன் செய்தேன்.

"வளையாதே மேடம். நா டயல் வச்சு மட்டம் பாத்துட்டுல்லா அனுப்பினேன்" என்றார்.

"இங்க எழுபத்திமூணு காட்டறதுண்ணா. நான் என்ன செய்ய?"

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "செரி மேடம். இன்னொண்ணு வெட்டுதேன்" என்றார்.

மூன்றாவதைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் அவரே கொண்டுவந்தார். என் பக்கத்தில் நின்று மாட்டுவதைப் பார்த்தார். அறுபத்தொன்று என்று திரையில் வந்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறாம் நாள் எழுபத்துநான்கு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்மேல் கோபமா, செம்பின்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. சாருக்கு மெயில் எழுதினேன். வெட்டும் தரம் போதவில்லை, பட்டறையை மாற்றலாம் என்று. சார் அதை அப்படியே அவருக்கும் அனுப்பினார். "ஓக்கே மேடம்" என்று பட்டறையிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது, வேறொன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, கோயம்புத்தூருக்கு வரைபடங்களை அனுப்பவேண்டிய நாள். இன்னும் ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது பிளாக்கில் கடைசியாக ஒரு அளவு எடுத்துச் சேர்க்கலாம் என்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். கூட்டிப் பெருக்கி, டீ போட்டுத் தரும் சேச்சி பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தார். இந்த ஊரில் குடிதண்ணீரைப் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள், தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அந்தத் தண்ணீர்தான் என்பதும் தெரியும். ஆனால் நான் வீட்டு ஜீரகத் தண்ணீரையே குடிக்கிறவள், அதனால் காலையில் யார் எப்போது எதில் ஊற்றுகிறார்கள் என்று பார்த்ததேயில்லை. சேச்சி என் மேஜைக்கு வந்தார். என் பாட்டிலைத் திறந்தார். கழுத்துவரை நிரப்பினார்.

"சேச்சி! அதுல என்ன ஊத்தறீங்க?"

"வெள்ளமாணு மோளே. எல்லாருடெயும் குப்பி நிறைக்கும்போ மோளுடெயும் நிறைக்கும். எந்நும் குறைஞ்ஞிரிக்கும். மோளு நல்லோணம் வெள்ளம் குடிக்குந்நுண்டல்லோ!"

எல்லோர் பாட்டிலோடும் என்னுடையதையும் தினமும் நிரப்பியிருக்கிறார்; நான் நன்றாகத் தண்ணீர் குடிக்கிற பெண் என்று அவருக்கு என்மேல் சந்தோஷம். "இந்த பாட்டில்லேருந்து வேற யாராவது குடிச்சாளா?" என்று கத்தியேவிட்டேன். "மோளுடெ குப்பியில் வேறெ ஆரு வாய் வைக்கான்?" என்று அவர் பயந்துபோனார். உள்ளே இருந்தது குடிக்கக்கூடாத ரசாயனம். ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்க வேண்டியவள் நான்தான். அவருக்கு அது மற்ற பாட்டில்களைப்போல ஒரு சிவப்புத் தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.

மூன்றாவது பிளாக்கை வைஸ் இடுக்கியில் இறுக்கி ரம்பத்தால் அறுத்தேன். பாதியில் பிளேடு உடைந்து, வேறு போட்டேன். இரண்டாகப் பிளந்ததும் உள்ளே டீ வடிகட்டியில் தங்குகிற சக்கை மாதிரி, கறுஞ்சிவப்பாய்ச் சேறு. மரச்சாயமும் எங்கள் ரசாயனமும் செம்போடு சேர்ந்து என்னவோ ஆகி, வாய்க்கால்களை அடைத்திருந்தன. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். அடியில் வாய்க்கால்கள் ஒவ்வொன்றும் சீப்புப்பல்போல நேராக நின்றன. அடித்தளத்தைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்தேன், ஒரு காகிதம்கூட அடியில் நுழையவில்லை. ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. என் டிசைன் தோற்கவில்லை. அதற்குப் பிறகு வந்தது வெட்கம், வந்தது போகவேயில்லை. இன்றைக்கும் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. அன்று ஸ்கேலுக்கு அடியில் நான் பார்த்த வெளிச்சம் எது? சத்தியமாகப் பார்த்தேன்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "டிசைன் ஓக்கே?" என்றார்.

"ஓக்கே சார்."

"மெஷினிங்?"

"ஓக்கே சார்."

"பின்னெ எந்தா பிரஸ்னம்?"

"நான்தான் சார்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கோயம்புத்தூருக்கு வேண்டாமென்று அப்போதே எழுதினார். பாறசாலைக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொல் என்றார். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், அழுத்த விரல் வரவில்லை. அறுத்த துண்டுகள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பட்டறையில் மெஷின்மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. அவர் ஓரமாக உட்கார்ந்து இரும்புக் கேட்டுக்கான கொண்டிகளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லி, துண்டுகளைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். வாய்க்கால்களின்மேல் நகத்தை ஓட்டினார்.

"அப்பம் இது நேராத்தான் இருந்திச்சா?"

"நேராத்தான் இருந்ததுண்ணா."

"நானும் லென்ஸு வச்சுப் பாத்தேன் மேடம். நேராத்தான் தெரிஞ்சுது. நீங்க நம்பரு சொன்னிய. நம்பருக்கு எதிரா நா என்னத்த பேச? எனக்கக் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். பொடி வேலை எதயும் இப்பம் எடுக்கதில்ல."

மன்னிப்புக் கேட்டேன். வேலை அவருக்குத்தான், வருஷம் முழுக்க என்று சார் சொன்னதையும் சொன்னேன். அவர் துண்டுகளை ஸ்டூலின்மேல் வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இத ஒரு தடவ எனக்க வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லணும் மேடம். நா சொன்னா நம்பமாட்டா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

அவர் மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். முதல்முறை சொன்னதைவிட இரண்டாம்முறை சொல்வது கஷ்டமாக இருந்தது. முதல்முறை வந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். இப்போது அவர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாய்க்கால்களுக்கு புரோகிராம் எழுதியவர் அவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மெயிலில் குறை சொன்னது இரண்டு பேரை.

"எளுதித் தாங்க" என்றார்.

"சார் மெயில் அனுப்புவார்..."

"ஒங்க சாரு இல்ல. நீங்க."

கணவர் சங்கடப்பட்டு ஏதோ சொல்ல வந்தார், மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். டெலிவரி சலானின் பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினேன். பரிசோதனையில் நேர்ந்த ஒரு பிழையினால் மூன்று பாகங்களும் தவறாக நிராகரிக்கப்பட்டன, பாகங்களின் தரம் சிறப்பானது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு அது நேர்மையாகத்தான் பட்டது. அவர் மனைவி இரண்டுமுறை படித்தார்.

"அந்த மெயிலுல எங்க பட்டறை பேரு ரெண்டு எடத்துல இருந்திச்சு. இதுல தப்புப் பண்ணினது யாருன்னு ஒரு எடத்துலயும் இல்லியே?"

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எழுதியதை அடித்துவிட்டு, நான் பாட்டிலில் சீட்டு ஒட்டவில்லை, நான் பிளாக்கை அறுத்துப் பார்க்கவில்லை, பழியை இவர்கள்மேல் போட்டேன் என்று எழுதினேன். என் பெயரை முழுதாக எழுதினேன். அவர் அதை வாங்கி, மெஷினுக்கு நேர் மேலே, வருகிறவர்கள் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டினார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தார்ப்பாயை மடித்தார்கள்.

மாதம் ஒருமுறை பிளாக்குகளை எடுக்கப் பாறசாலைக்குப் போகிறேன். அவர் நன்றாகத்தான் பேசுகிறார். அவர் மனைவியும் டீ தருகிறார். அந்தச் சீட்டை இதுவரை யாரும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்ல எனக்கு வாயும் இல்லை.