மெட்டியைக் கழற்றிவிட்டு மலை ஏறினேன்

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையசீவரம் மலைக்கோயிலுக்குப் போய்வந்தேன். உத்திரமேரூர்க்காரிக்கு இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். என் வலது கால் பெருவிரலின் அடிமூட்டு எலுமிச்சங்காய் போலப் புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து கிடக்கிறது. டாக்டர் ‘பனியன்’ என்றார். சட்டைக்குள் போடும் பனியன் அல்ல! போன முறை பாதிப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பினேன். “வலியில்லாமல் நடக்க முடிந்தால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்” என்றிருந்தார் டாக்டர். எனக்கு இந்த மலைதான் பரீட்சை.

முன்பக்கம் அகலமான செருப்பு, விரலிடுக்கில் வைக்க ஒரு சிலிகான் துண்டு, மாலையில் ஐஸ் ஒத்தடம். இதுதான் வைத்தியம். சிக்கல் மெட்டியில் வந்தது. சிலிகானுக்கும் விரலுக்கும் நடுவே அது அழுத்தி உயிர் போனது. கணவர் “கழற்றி வை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கூட வந்த அவர் தங்கை கோமதிக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

திருமுக்கூடல் வழியாகப் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆட்டோவுக்கு எழுநூறு ரூபாய்.

“இன்னாக்கா, வெரலு நடுவுல இன்னாத்தையோ சொருகிக்கினு கீற?” என்றார் டிரைவர்.

“அத்த வுடு, மெட்டி எங்கன்னு கேளு,” என்றாள் கோமதி.

“ஐயோ, அண்ணன் நல்லாத்தான கீறாரு?”

“நாலு இட்லி துன்னுட்டு டிவி பாத்துக்கினு கீறாரு,” என்றேன். டிரைவர் சிரித்தார், கோமதி சிரிக்கவில்லை.

திருமுக்கூடலில் பாலாற்று மணலில் இறங்கி நடந்தேன். வலியே இல்லை! சின்னப் பெண் மாதிரி ஓடலாம் போலிருந்தது. கோமதி ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

பாலத்தைத் தாண்டினால் பழையசீவரம். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு, சிலிகானோடு வெறுங்காலில் ஏறினேன். அன்று உட்கார்ந்து அழுத படி வந்தது, போனது. உச்சியில் நின்று பாலாற்றைப் பார்த்தபோது சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். திரும்பினால் கோமதியைக் காணோம்.

இறங்கி வந்து பார்த்தால், பாதிப் படியில், நான் அன்று உட்கார்ந்த அதே இடத்தில் அவள் இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவைக் கரையை விலக்கினேன். அதே எலுமிச்சங்காய்!

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருசமா கீது அண்ணி. மெட்டிய கய்ட்ட சொல்வாங்கன்னு டாக்டராண்டயே போவல.” என் விரலிடுக்கைப் பார்த்துவிட்டு, “அந்த ரப்பரு இன்னொன்னு கீதா?” என்றாள்.

ஜோடியாகத்தான் விற்கிறார்கள். எனக்குத் தேவை ஒன்று, மற்றது பையில் சும்மா கிடந்தது. மெட்டி லேசில் வரவில்லை. விளக்குக்குக் கொண்டுபோன நல்லெண்ணெயைத் தடவித்தான் கழற்றினோம். அதை முந்தானையில் முடிந்துகொண்டு எனக்கு முன்னால் ஏறினாள்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள், கல் சுடும். செருப்பை மாலையில் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும்போது அளவு சரியாகத் தெரியும். சிலிகான் வலியைத்தான் குறைக்கும், எலும்பை நிமிர்த்தாது. சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாட்டாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் கோமதி தன் வீட்டுக்காரருக்கு போன் போட்டாள்.

“இன்னாங்க, நல்லாத்தான கீறீங்க?”

“எனக்கு இன்னா? சோறு துன்னுக்கினு கீறேன்,” என்று அவர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. கோமதி போனை வைத்துவிட்டு டிரைவரிடம், “நைனா, அந்த ஆத்து மணலாண்ட கொஞ்சம் நிறுத்து,” என்றாள்.