அபர்தீன் பஜாருக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்

சுனாமிக்கு நாலைந்து வருஷம் கழித்து, என்னைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் போர்ட் பிளேருக்கு வந்தார்கள். அப்பா அவர்களை முதலில் அபர்தீன் பஜாரில் இருந்த எங்கள் பாத்திரக் கடைக்குத்தான் கூட்டிப்போனார். வீட்டைவிட அந்தத் தெருவைக் காட்டுவதில் அவருக்குப் பெருமை. நிலநடுக்கத்தில் பின்சுவர் பிளந்தபோதும் அசையாமல் நின்ற படாக் மரத்தூணைத் தட்டிக் காட்டினார்.

"இது எங்க தாத்தா நட்டது. இந்த பஜாரே ஜெயில்லருந்து வந்தவங்க உண்டாக்கினது. மெயின்லேண்ட்ல அவங்களுக்கு யாரு இடம் குடுத்தா?"

மாப்பிள்ளையின் அம்மா தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா பூரித்துப்போனார். அந்த அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத்தான் தெரியும். அப்பாவின் தாத்தா சுதந்திரப் போராட்டத் தியாகி என்று அப்பாவுக்குத் தெரியாமல் ஃபோனில் அவரிடம் அளந்துவிட்டிருந்தவள் நான். சாதாரணக் கைதியின் வம்சம் என்றால் யார் பெண் எடுப்பார்கள் என்ற பயம்.

பிறகு அவர்கள் ஆசைப்பட்டபடி செல்லுலார் ஜெயிலுக்குப் போனோம். அரசியல் கைதிகளின் பெயர்களைப் பொறித்த பளிங்குப் பலகைகளின் முன்னால், அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடினார். நான் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"தியாகி ஐயா பேரு எங்க இருக்கு? நீங்களே காட்டுங்களேன்."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இதுல இருக்காதும்மா. அவர் தியாகி இல்ல. வாய்க்கா தண்ணித் தகராறுல சொந்தப் பங்காளிய வெட்டிட்டு வந்த ஆயுள் கைதி. பொண்ணு மேல தப்பு இல்ல. நான்தான் அவகிட்ட தியாகின்னு சொல்லி வளத்தேன்."

அப்படி அவர் சொன்னதே இல்லை. அந்தக் கொலையை எட்டு வயதிலேயே எனக்கு ஒளிக்காமல் சொன்னவர் அவர்.

"பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கப் பாத்தீங்களே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயே திறக்கவில்லை. அவர்கள் போனதும், "சலோ பேட்டா, கடைக்குப் போலாம்" என்று மட்டும் அப்பா சொன்னார்.

கல்யாணம் நடக்கவில்லை. அந்த வருத்தம் எப்போதோ ஆறிவிட்டது. தூத்துக்குடியில் ஒரு வீட்டில் என் அப்பாவைப் பொய்யர் என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்பா இறந்தும் போய்விட்டார். அந்த வீட்டுக்கு நான் இன்னும் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.